கை நனைக்காதவர்கள்

அரியலூரில் இருக்கும் என் மளிகைக் கடையில் ஒரு பலகை தொங்கும். அதன் முன்பக்கத்தில் 'இன்று ரொக்கம், நாளை கடன்' என்று எழுதியிருக்கும். அண்மையில் அதன் பின்பக்கத்திலும் ஒரு வாசகம் எழுத வேண்டி வந்தது: 'நம் குடும்பப் பண்பாட்டைக் கெடுக்கும் மசாலா இங்கே விற்கப்படாது.' வியாபாரிகள் சங்கத்து ஆட்கள் தெருமுனையில் தலை காட்டினால் பலகையைத் திருப்பிவிடுவேன். அவர்கள் போனதும் மறுபடி ரொக்கம். இத்தனை சுலபமாகத் திரும்பும் கொள்கை எனக்கு அதற்கு முன் வாய்த்ததில்லை.

எல்லாம் ஒரு விளம்பரத்தால் வந்தது. ஒரு மசாலா கம்பெனி டிவியில் போட்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை. ஒரு ஃபிளாட். இரண்டு ஆண்கள் கறிக்குழம்பு வைக்கிறார்கள். ஒருவனுடைய அம்மா ஊரிலிருந்து கட்டைப்பையோடு வந்து இறங்குகிறாள். சுவரில் இருவரும் சேர்ந்து எடுத்துக்கொண்ட போட்டோவைப் பார்க்கிறாள், மகனைப் பார்க்கிறாள். உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிடுகிறாள். பிறகு இன்னொருவனிடம், "நீயும் ஒக்காருப்பா, ஏன் நிக்கிற?" என்கிறாள். அவ்வளவுதான், முடிந்துவிட்டது. முத்தம் இல்லை, கட்டிப்பிடித்தல் இல்லை. அந்த "ஒக்காருப்பா"தான் ஊரை எழுப்பிவிட்டது.

வாட்ஸ்அப்பில் தீ பிடித்தது. ஆணும் ஆணும் குடித்தனம் நடத்துவதைக் காட்டியா மசாலா விற்பது, இதை வாங்கினால் நம் வீடும் அப்படி ஆகிவிடாதா என்று சங்கத்துக் குழுவில் கேட்டார்கள். கறி மசாலாவுக்கு அவ்வளவு வீரியம் இருப்பதாக அதைத் தயாரித்தவர்களே சொன்னதில்லை. நானும் ஒரு கைகூப்பும் படத்தை அனுப்பிவிட்டு, பாக்கெட்டுகளைக் கடலைமாவு மூட்டைக்குப் பின்னால் ஒதுக்கினேன்.

அதற்குப் பிறகுதான் வியாபாரம் சூடு பிடித்தது.

"அண்ணே, அது இருக்கா?"

"எதும்மா?"

"அதாண்ணே. அது."

பேப்பரில் சுற்றிக் கொடுப்பேன். ஒரு மத்தியானம் சங்கத்துச் செயலாளரே வந்தார். பலகையைப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினார். தெருவின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குனிந்து சொன்னார்: "வூட்ல கொழம்பு சரியில்லன்னு ஒரே சண்டைங்க. ஒரு பாக்கெட். கறுப்புக் கவர்ல போட்டுருங்க."

இந்தக் கூத்தின் நடுவில்தான் என் அக்கா வந்தாள்.

அக்கா வேப்பந்தட்டைப் பக்கத்தில் வாழ்க்கைப்பட்டவள். மாமா இறந்த பிறகு மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் போட்டுத் தனியாளாகக் குடும்பத்தைத் தூக்கி நிறுத்தினாள். ஒரே மகன், சென்னையில் வேலை. அவனோடு ஒரே வீட்டில் ஒரு நண்பர் பல வருஷங்களாக இருக்கிறார், தெற்கத்திக்காரர். எங்கள் குடும்பத்தில் அவருக்குப் பெயர் 'ரூம்மேட்'. அக்கா மகன் எனக்கு மருமகன் முறை. அவனுக்கு நல்ல சம்பளம் வந்தது, சொந்தமாக ஃபிளாட் வாங்கினான், தலையில் நரைகூட எட்டிப் பார்த்துவிட்டது. ரூம்மேட் மட்டும் ரூம்மேட்டாகவே இருந்தார். எல்லோருக்கும் தெரியும். தெரியாத மாதிரி இருப்பதற்கு அந்த ஒரு வார்த்தை குடை பிடித்துக்கொண்டிருந்தது.

அக்கா வந்தபோது என் கெட்ட நேரம், பலகையில் பண்பாட்டுப் பக்கம் முன்னால் இருந்தது. எழுத்துக் கூட்டி முழுசாகப் படித்தாள்.

"என்னடா இது?"

"சங்கத்துல சொன்னாங்கக்கா."

"சங்கம் சொன்னா எழுதிருவியா?"

"நான் எழுதலக்கா. பெயிண்டர் எழுதுனாரு."

அக்கா சிரிக்கவில்லை. "குலசாமிக்குக் கெடா வெட்டுறேன். கறி மசாலா ஒரு பெட்டி போடு. அதே மசாலா."

"வேற கம்பெனி ஒண்ணு வந்துருக்குக்கா, அதுவும் நல்லாத்தான்..."

"அவன் என்னா விளம்பரம் போட்டான்?"

"ஒரு பொம்பள சமைக்கிறா. புருஷன், மாமனாரு, மாமியாரு, புள்ளைங்க எல்லாம் வரிசையா ஒக்காந்து சாப்புடுறாங்க."

"அவ சாப்புட்டாளா?"

யோசித்துப் பார்த்தேன். "அதைக் காட்டலக்கா."

அக்கா அரிசி மூட்டைமேல் உட்கார்ந்தாள். "பொறக்கணிக்கிறது எப்புடின்னு எனக்குச் சொல்லித் தராத. உங்க சங்கத்துக்கு முந்தி நான் பண்ணிப் பாத்தவ."

அப்போதுதான் அதைச் சொன்னாள். மருமகன் காய்ச்சலில் விழுந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அக்கா சென்னைக்கு ஓடினாள் அல்லவா, எங்களுக்கு அதுவரைதான் தெரியும். பகலெல்லாம் ஆஸ்பத்திரி, குளிக்கத் தூங்க மட்டும் அவர்கள் வீடு. அந்த நண்பர் மருமகனுக்கும் பணிவிடை செய்து, அக்காவுக்கும் சமைத்து மேஜையில் மூடி வைத்துவிட்டுப் போவாராம்.

"ஒரு பருக்கை தொடலடா. மொத நாளு அந்தத் தம்பி குடுத்த ஒரு சொம்பு தண்ணி குடிச்சேன். அதுவும் தொண்ட காஞ்சு போனதால. அப்பறம் பன்னு, வாழைப்பழம். அந்தத் தம்பி தெனமும் சமைச்சு வைக்கும், தெனமும் அப்புடியே எடுத்துக் கொட்டும். ஒரு வார்த்த கேக்கல. எம்மவன் பொழச்சு எந்திரிச்சா கெடா வெட்டுறேன்னு சாமிகிட்ட வேண்டுனேன். சாமி காப்பாத்துச்சு. ஆனா ராத்திரி பகலா முழிச்சிருந்தது யாருன்னு எங்கண்ணு பாத்துச்சுல்ல?"

எங்கள் பக்கத்தில் விரோதம் என்றால் விசேஷத்துக்கு வராமல் இருக்கமாட்டார்கள். வருவார்கள், மொய் எழுதுவார்கள், குசலம் விசாரிப்பார்கள், சாப்பிடாமல் போவார்கள். 'கை நனைக்கலை' என்பார்கள். ஒரு வீட்டில் கை நனைக்காமல் போவதைவிடப் பெரிய அறை கிடையாது. சத்தமே வராது, வீக்கம் தலைமுறைக்கும் இருக்கும்.

"விளம்பரத்துல அந்த அம்மா ஒக்காந்து சாப்புடுது," என்றாள் அக்கா. "எனக்கு டிவி முன்னாடி ஒக்கார முடியல. இன்னி வரைக்கும் அந்தத் தம்பி கையால ஒரு வாய் நான் தின்னதில்ல."

கடலைமாவு மூட்டைக்குப் பின்னாலிருந்து பெட்டியை எடுத்தேன். கறுப்புக் கவர் வேண்டுமா என்று கேட்கும் தைரியம் எனக்கு வரவில்லை.

சிக்கல் என்னவென்றால், குலசாமிக் கிடாவைப் பங்காளிகள் சாப்பிட்டால்தான் வேண்டுதல் நிறைவேறியதாக அர்த்தம். சாமி கறியை வீட்டுக்கு எடுத்துப்போகவும் கூடாது, அங்கேயே தின்று தீர்க்க வேண்டும். பங்காளிகளில் மூத்தவர் அக்காவின் கொழுந்தனார், ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர். மசாலா விலக்கைப் பங்காளிகளின் வாட்ஸ்அப் குழுவில் அறிவித்தவர் அவர்தான். 'அந்த ஆள் வந்தால் நாங்கள் வருவோம், கும்பிடுவோம், கை நனைக்கமாட்டோம்' என்று சுத்தமான தமிழில் அதையும் அறிவித்துவிட்டார்.

அக்கா மகனுக்கு போன் போட்டாள். "ரெண்டு பேரும் வாங்க. தனியா வர்றதா இருந்தா நீயும் வராத."

வந்தார்கள். குலசாமி கோயில் பச்சைமலை தெரிகிற ஒரு சோளக்கொல்லை ஓரம். நண்பர் வந்து இறங்கியதும் என்னைப் பார்த்து "வணக்கம் மாமா" என்றார். வாழ்நாளெல்லாம் எல்லோரையும் கிண்டல் செய்து பிழைத்த வாய் இது. "ம்" என்றது.

அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பெண்கள் வெங்காயம் உரிக்கிற வட்டத்தில் போய் உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் கண்ணைக் கசக்கிக்கொண்டு அவரும் ஒரு ஆளாகிவிட்டார். ஒரு பெரியம்மா ஆரம்பித்தாள்.

"தம்பிக்குக் கல்யாணம் ஆயிருச்சுங்களா?"

கத்திகள் நின்றன. மருமகன் தரையைப் பார்த்தான். உலைக்கு அரிசி களைந்துகொண்டிருந்த அக்கா திரும்பாமலே சொன்னாள்:

"ஆன மாதிரிதான். நீ வெங்காயத்த உரி."

பெரியம்மா உரித்தாள். எத்தனை வருஷம் எத்தனை பேர் சேர்ந்து சுமந்த விஷயம் அது! அரிசி களைகிற தண்ணீரோடு அக்கா அதையும் ஊற்றிவிட்டு அடுத்த வேலையைப் பார்த்தாள்.

குழம்பைக் கூட்டியது நண்பர்தான். சமையல் மாஸ்டர் கரண்டியை அவரிடம் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் நின்றுகொண்டார். அந்த மசாலா, அந்தச் சின்ன வெங்காயம், அந்த வாசனை. கொல்லையைத் தாண்டி ரோட்டில் போன டவுன் பஸ்ஸிலிருந்துகூட தலைகள் நீண்டன. வேப்பமரத்தடியில் நின்ற பங்காளிகள் மூக்கை மட்டும் என்ன செய்வதென்று தெரியாமல் தவித்தார்கள்.

பூஜை முடிந்தது. இலை போட்டோம். கொழுந்தனார் முன்னால் வந்து கும்பிட்டார்.

"அண்ணி, சாமி கும்புட்டாச்சு. மனசுக்கு நெறைவா இருக்கு. நாங்க கெளம்புறோம். கை நனைக்கல. தப்பா நெனைக்காதீங்க."

திட்டியிருந்தால் திருப்பித் திட்டலாம். கும்பிட்டுச் சொன்னதற்கு என்ன செய்வது? அவருக்குப் பின்னால் பங்காளிகள் எல்லோரும் வரிசையாக நின்றார்கள். போடப்பட்ட இலைகள் காற்றில் படபடத்தன. நண்பர் குழம்பு வாளியோடு பந்தியின் தலைமாட்டில் நின்றார். மருமகன் அவர் கையைத் தொட்டு, "வா, நாம கார்ல போய் ஒக்காந்துக்கலாம்" என்றான்.

இந்த மாதிரி நேரத்துக்காகவே கடவுள் என்னைப் படைத்திருப்பதாக நான் நம்பி வந்தேன். பாகப்பிரிவினைச் சண்டையில்கூட ஒரு ஜோக்கை வீசிச் சமாதானம் செய்தவன். வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. மூடிக்கொண்டேன்.

அக்கா அழுவாள் என்று நினைத்தேன். காலில் விழுந்தாலும் விழுவாள் என்று பயந்தேன். அவள் சொம்பில் தண்ணீர் எடுத்துக் கை கழுவினாள். நேராக வந்து முதல் பந்தியின் முதல் இலையில் உட்கார்ந்தாள்.

எங்கள் ஊர்ப்பக்கம் விருந்து வைத்தவள் முதல் பந்தியில் உட்கார்ந்து யாரும் பார்த்திருக்கமாட்டார்கள். வந்தவர்களெல்லாம் சாப்பிட்டு, ஏப்பம் விட்டு, வெற்றிலை போட்டு, கடைசியில் சட்டியைச் சுரண்டித்தான் அவள் சாப்பிடுவாள். பங்காளிகள் போகாமல் நின்றார்கள். இப்படியொன்றைப் பாதியில் விட்டுப் போக யாருக்கு மனசு வரும்?

"தம்பி, நீ போடு," என்றாள் நண்பரிடம்.

அவர் சோறு வைத்தார். குழம்பு ஊற்றும்போது கரண்டி வாளியின் விளிம்பில் தட்டித் தட்டிச் சத்தம் கேட்டது.

"மெதுவா ஊத்து. எல எங்கயும் ஓடிராது."

பிசைந்தாள். ஒரு வாய் வைத்தாள். மென்றாள். நாங்கள் எல்லோரும் அவள் மெல்வதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். ஒரு மனுஷி சோறு மெல்வதை நான் அப்படி மூச்சை அடக்கிப் பார்த்ததில்லை. தஞ்சாவூரிலும் கங்கைகொண்ட சோழபுரத்திலும் கோபுரத்துக்குக் கீழே நின்று அண்ணாந்திருக்கிறேன். அன்றைக்கு உட்கார்ந்திருந்த ஒருத்தியைக் குனிந்து பார்த்தபோது வந்தது அதே திகைப்பு.

விழுங்கினாள். "உப்பு ஒரு கல்லு தூக்கல்," என்றாள். "அன்னிக்கெல்லாம் நீ வச்சதும் இப்புடித்தான் இருந்துருக்கும். ஒக்காருப்பா, ஏன் நிக்கிற?"

நண்பர் உட்காரவில்லை. வாளியைக் கீழே வைத்துவிட்டு முகத்தைத் துண்டில் மூடிக்கொண்டார். மருமகன்தான் அவரைத் தோளைப் பிடித்து உட்கார வைத்து, தானும் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"டேய்," அக்கா என்னைப் பார்த்தாள். "மரமாட்டம் நிக்காத. வாளிய எடு."

எடுத்தேன். நண்பர் இலையில் முதல் கரண்டி ஊற்றினேன்.

முதலில் அசைந்தது கொழுந்தனாரின் மனைவி. வேப்பமரத்தடியிலிருந்து விடுவிடுவென்று வந்து அக்காவுக்கு எதிர் இலையில் உட்கார்ந்தாள். கொழுந்தனார், "ஏய், இங்க வா" என்றார்.

"நீங்க போங்க. வூட்ல ஒண்ணும் ஆக்கல. பழைய ரசம் இருக்கு, ஊத்திக்குங்க."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவளுக்குப் பின்னால் பெண்கள் வந்தார்கள். பெண்களுக்குப் பின்னால், சட்டைக் கையை மடித்துக்கொண்டு, பிள்ளையைத் தேடி வந்த மாதிரி, செருப்பைத் தேடி வந்த மாதிரி, ஆண்கள். ஒருவன் உட்கார்ந்துகொண்டே என்னிடம், "இது வேற மசாலாதான மாமா?" என்றான். "ஆமா, முழுக்க வேற," என்றேன். அவனுக்கும் தெரியும். எலும்பாகப் பார்த்துப் போடச் சொன்னான். இரண்டு பேர் மட்டும் உண்மையிலேயே போய்விட்டார்கள். அவர்கள் இன்றைக்கும் அக்காவோடு பேசுவதில்லை.

கொழுந்தனார் போகவுமில்லை, வரவுமில்லை. தன் பைக்கில் சாய்ந்து நின்றார். நல்ல வெயில். நண்பர் அதைப் பார்த்திருக்க வேண்டும். பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவி, ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுபோய் அவர் முன்னால் நீட்டினார்.

கொழுந்தனார் சொம்பைப் பார்த்தார். கடைசியில் அவரிடம் முதல்முதலாக ஒரு வார்த்தை பேசினார்.

"கேன் தண்ணியா, போர் தண்ணியா?"

"போர் தண்ணிங்க."

"கேன் தண்ணி எனக்கு ஒத்துக்காது," என்று சொல்லி வாங்கி, அண்ணாந்து முழுசாகக் குடித்தார். சொம்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

"சாப்புடாமயே போயிட்டாரே பெரியம்மா," என்றான் எலும்பு கேட்டவன்.

அக்கா எலும்பை உறிஞ்சிவிட்டு இலை ஓரத்தில் வைத்தாள். "போவட்டும். நானும் தண்ணிலதான் ஆரம்பிச்சேன்."