பன்னிரண்டாவது காரணம்

அந்தப் படம் ஏன் நல்ல படம் என்பதற்கு என்னிடம் பதினொரு காரணங்கள் இருந்தன. நோட்டில் எண் போட்டு எழுதி வைத்திருந்தேன். முதலாவது, குழாய்களுக்குள் ஒளிந்திருக்கும் மிருகத்தை அரைமணி நேரத்துக்குக் காட்டவே இல்லை. நான்காவது, விண்வெளி நிலையம் என்றாலும் சுவிட்சுகளில் அழுக்கு இருந்தது, தரையில் எண்ணெய் சிந்தியிருந்தது. நிஜமாக ஆட்கள் வேலை செய்யும் இடம் மாதிரியே இருந்தது. ஏழாவது, துப்பாக்கி வைத்திருந்தவர்கள் எல்லாம் செத்துப்போக, பம்பு பழுதுபார்க்கும் பெண் பிழைத்தாள். ஏழாவதுக்குக் கீழே இரண்டு கோடு போட்டிருந்தேன்.

தொண்ணூறுகளின் நடுவில், மலாக்காவில் ஒரு தொழில்நுட்பக் கல்லூரியில் மின்னணுவியல் படித்துக்கொண்டிருந்தேன். குடும்பத்தாரை அழைத்திருந்த ஒரு சனிக்கிழமை பிற்பகல், விரிவுரை மண்டபத்தின் சன்னல்களுக்குக் கறுப்புத் துணி கட்டி எங்கள் திரைப்படச் சங்கம் அந்தப் பழைய படத்தைப் போட்டது. முடிந்ததும் அதைப் பற்றி ஐந்து நிமிடம் நான் பேச வேண்டும்.

அம்மா மெர்லிமாவுக்கு அப்பால் உள்ள ரப்பர் தோட்டத்திலிருந்து பஸ் ஏறி வந்திருந்தார். விடியலில் பால்மரம் சீவப் போய், பால் எடுத்துக் கொடுத்து, குளித்து, பவுடர் போட்டு வந்திருந்தார். தினமும் துண்டு கட்டுவதால் நெற்றியில் விழுந்திருந்த கோடு பவுடருக்கு மேலும் தெரிந்தது. விளக்கை அணைத்த பிறகுதான் உள்ளே வந்தார். எனக்கு முன்வரிசையில் உட்கார வைத்தேன். நான் வீடியோ பெட்டிக்குப் பக்கத்தில் நின்றேன்.

என் சின்ன வயதில் தோட்டத்துத் திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் போடுவார்கள். அங்கே யாரும் வாயை மூடிக்கொண்டு பார்ப்பதில்லை. வில்லனைத் திட்டுவார்கள், கதாநாயகிக்கு வழி சொல்வார்கள். அம்மாவுக்குப் படம் பார்ப்பது என்றால் அதுதான். நான் இதை யோசித்திருக்க வேண்டும்.

"ஏம்ப்பா, தனியா போகாதப்பா! கூட ஒரு ஆள கூட்டிக்கிட்டுப் போ!"

மண்டபம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. சிலர் சிரித்தார்கள். நான் குனிந்து, "மெதுவாம்மா" என்றேன்.

அம்மா குரலைத் தணித்தார். ஆனால் நிறுத்தவில்லை. "இந்தா பாரு, மெஷின் சத்தம் நின்னுபோச்சு. இப்ப வரும் பாரு அது."

வந்தது.

"போன தடவையும் இப்படித்தான். பால்மர நிரையில தனியா நிக்கிறப்ப பூச்சி சத்தம் சட்டுனு நின்னா, பன்னியோ பாம்போ பக்கத்துல இருக்குன்னு தெரிஞ்சுக்கணும். இவனுங்களுக்குத் தெரியல."

அந்தப் படத்தை நான் அதற்கு முன் மூன்று முறை பார்த்திருந்தேன். நிலையத்தின் எந்திரம் ஓயாமல் முனகுவது எனக்குத் தெரியும். மிருகம் வருமுன் ஒவ்வொரு முறையும் அது நிற்கிறது என்பதை நான் கவனித்ததே இல்லை.

தெங்கேராவில் கடை வைத்திருப்பவர்களின் மகள், என் வகுப்புக் கூட்டாளி, பக்கத்தில் வந்து என் தோளை இடித்தாள். "யாருலா அது? படத்துக்கே வழி சொல்றாங்க."

"எங்க தோட்டத்து அக்கா," என்றேன். "பஸ்ஸுல வந்தாங்க."

அம்மாவுக்கும் எனக்கும் நடுவில் ஒரு நாற்காலியின் முதுகுதான் இருந்தது. அதன் பிறகு அம்மா பேசவில்லை. பம்புப் பெண் தப்பித்து ஓடும் இடத்தில்கூட ஒரு வார்த்தை சொல்லவில்லை. முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

விளக்கு வந்ததும் மேடை ஏறினேன். பதினொரு காரணங்களில் நான்கைச் சொன்னேன். யாரும் அசையவில்லை, ஒருவர் கொட்டாவி விட்டார். நோட்டை மூடிவிட்டு, எந்திரச் சத்தத்தைப் பற்றிச் சொன்னேன். காட்டில் பூச்சிகள் அடங்குவதைச் சொன்னேன். ஆபத்தைக் காட்டுவது அந்த அமைதிதான் என்றேன். விரிவுரையாளர் எழுந்து நின்று கை தட்டினார். "தேர்ந்த காது" என்றார்.

நான் பேசியது புத்தக மலாய். அம்மாவுக்குத் தெரிந்தது கடைத்தெருவில் பேசும் பாசார் மலாய். என்ன சொன்னேன் என்று அவருக்குப் புரிந்திருக்காது. ஆனாலும் மண்டபத்தில் கை தட்டுவதைக் கடைசியாக நிறுத்தியவர் அவர்தான்.

பஸ் நிலையத்தில் கேட்டார். "எதுக்கும்மா அப்படி கை தட்டுனாங்க?"

"மெஷின் சத்தம் நின்னா மிருகம் வருதுன்னு சொன்னேன்."

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். முகத்தில் கோபத்தைத் தேடினேன். இல்லை.

"அத நீயும் கவனிச்சியா?"

அப்போது சொல்லியிருக்கலாம். அவரிடம் கேட்டதுதான் என்றும், அக்கா என்றது தப்பு என்றும், இரண்டையும் சொல்லியிருக்கலாம்.

"ம்," என்றேன்.

"என் பொண்ணுல்ல," என்று சிரித்துக்கொண்டே பஸ்ஸில் ஏறினார். சன்னலோரம் உட்கார்ந்ததும் சிரிப்பு போய்விட்டது. "உன் கூட்டாளிக்கிட்ட ஒண்ணும் சொல்லிக்காத. அக்காவாவே இருந்துட்டுப் போறேன்," என்றார். பஸ் நகர்ந்தது.

அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. அன்று மாலை விடுதியில் உட்கார்ந்து பன்னிரண்டு என்று எண் போட்டு, அந்தக் காரணத்தை அழகாக எழுதினேன். யார் சொன்னது என்று எழுதவில்லை.