பாக்கலாமுங்க

எங்கள் ஊரில் யாரும் முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்லமாட்டார்கள். "பாக்கலாமுங்க" என்பார்கள். பெண் கேட்டுப் போன வீட்டில் காப்பி கொடுத்து, பலகாரம் வைத்து, வாசல்வரை கூட வந்து "பாக்கலாமுங்க" என்று சொன்னால் அந்தச் சம்பந்தம் அத்தோடு முடிந்தது. அதற்குப் பிறகும் அந்தப் படி ஏறுகிறவனை மானங்கெட்டவன் என்பார்கள். நான் இதிலேயே ஊறி வளர்ந்தவன். வம்பு அங்கேதான் ஆரம்பம்.

பெருமாநல்லூர் பக்கம் ஒரு பனியன் கம்பெனியில் கம்ப்யூட்டர் பிரிவு என்றால் அது நான் ஒருவன்தான். தையல் மெஷின் நூலை அறுத்தாலும், சாயம் துணி ரோலுக்கு ரோல் மாறி வந்தாலும், அந்தக் குறையை எழுதி வைக்க ஓர் இஷ்யூ ட்ராக்கர் போட்டுக் கொடுத்திருந்தேன். ஓப்பன் சோர்ஸ் மென்பொருள், ஓசியில் கிடைப்பது. யாரும் திருத்தலாம். திருத்தம் பிடித்திருந்தால், எங்கோ அயல்நாட்டில் இருக்கும் அதன் பொறுப்பாளர்கள் மூலத்திலேயே சேர்த்துக்கொள்வார்கள்.

அதில் ஒரு கோளாறு. பழுது பார்க்கிறவரே 'முடிந்தது' என்று குறையை மூடிவிடலாம். எங்கள் மெக்கானிக் அண்ணன் தங்கமான மனுஷர். வேலை பாக்கி என்று முதலாளி கண்ணில் படுவதே மரியாதைக் குறைவு என்று நினைப்பவர். மெஷினைத் தொடுவதற்கு முன்பே மூடிவிடுவார். தரம் பார்க்கும் பிரிவுக்குப் பொறுப்பான அக்கா திருநெல்வேலிப் பக்கம். நேரே என் மேஜைக்கு வந்து நிற்பார்.

"ஏ தம்பி, ஓவர்லாக் மெஷினு இன்னும் நூல அறுக்கு. முடிஞ்சிட்டுன்னு யாரு போட்டா?"

மெக்கானிக்கைக் கேட்டால், "பாக்கலாமுங்க தம்பி."

இரண்டு பேருக்கும் நடுவில் கிடந்து வெறுத்துப்போய், மென்பொருளை மாற்றி எழுத உட்கார்ந்தேன். குறையை எழுதியவரே 'சரியாகிவிட்டது' என்று சொன்னால்தான் இனி மூட முடியும். சொல்வதற்கு ஒரு வரி. அதற்காக உள்ளே பாதியைப் பிரித்துக் கோக்க வேண்டியிருந்தது. போட்ட பிறகு கம்பெனியில் சச்சரவு குறைந்தது. ஆனால் மூலத்தில் சேராவிட்டால், ஒவ்வொரு புதுப் பதிப்பு வரும்போதும் இத்தனையையும் நானே மறுபடி கையால் சேர்க்க வேண்டும். நினைத்தாலே கண்ணைக் கட்டியது. அதனால் அவர்களுக்கு அனுப்பினேன்.

ஆங்கிலத்தில், பதமாகப் பதில் வந்தது. நல்ல யோசனை, நன்றி, ஆனால் மாற்றம் மிகப் பெரிது, சின்னச் சின்னதாகப் பிரித்து அனுப்பினால் பார்க்கலாம்.

பார்க்கலாம். சரி, காப்பி கொடுத்து வாசல்வரை வந்தாயிற்று என்று எனக்குப் புரிந்துவிட்டது. மனசு கசந்தது. நன்றி என்று ஒரு வரி எழுதினேன். அங்கிருந்து மின்னஞ்சல் வராதபடி நிறுத்திவிட்டு அந்தப் பக்கமே போகவில்லை.

பிறகு புதுப் பதிப்பு வந்தது. போடாமல் இருக்க முடியாது, பாதுகாப்புத் திருத்தம் அதில்தான் இருந்தது. என் மாற்றத்தை எடுத்து ஒட்டுப்போட்டேன். ஓரிடத்தில் ஒட்டினால் இன்னோரிடத்தில் பிய்ந்தது. அடுத்த பதிப்பிலும் அதே பாடு. சலித்துப்போய் ஒரு நாள் அந்தப் பழைய பக்கத்தைத் திறந்தேன். என் நன்றிக்குக் கீழே பொறுப்பாளர் மறுபடி எழுதியிருந்தார். பிரித்துவிட்டீர்களா, காத்திருக்கிறோம் என்று. அதற்கும் கீழே ஒரு தானியங்கிச் செய்தி: அனுப்பியவரிடமிருந்து பதில் இல்லை, ஆகவே மூடப்படுகிறது.

ஏதோ கேட்க வந்த அக்கா, பின்னால் நின்று எல்லாவற்றையும் படித்தார்.

"பாக்கலாம்னுதான சொல்லிருக்காரு?"

"அப்படீன்னா மாட்டேன்னு அர்த்தமுங்கக்கா."

"பாக்கலாம்னா பாக்கலாம்னுதான் அர்த்தம். கேட்டவங்க சொல்லாம மூடக் கூடாதுன்னு எழுதுனவன் நீதான? இங்க கேட்டதே நீதான். வாயத் தொறந்தியா?"

எனக்குச் சுருக்கென்றது. அதற்குள் மென்பொருளின் உள்வேலை எல்லாம் மாறிவிட்டிருந்தது. இனி அனுப்புவதென்றால் முதலிலிருந்து எழுத வேண்டும். உடம்பெல்லாம் அசதியாக இருந்தது.

"இப்பவாவது பிரிச்சு அனுப்புவியா தம்பி?"

"பாக்கலாமுங்கக்கா" என்றேன்.

அவர் நிம்மதியாகத் தலையாட்டிவிட்டுப் போனார். தெற்கத்திக்காரர், நம்பிவிட்டார்.