எலுமிச்சை மரத்துக்கு அப்பால் விழுந்த பந்துகள்

புல்வெட்டும் எந்திரத்தின் பெட்ரோல் வாடையும் ரிப்பன் பக்கோடா வாசனையும் சேர்ந்து வந்தால் எனக்கு இன்றைக்கும் தாவீது ராஜாவின் நினைப்புத்தான் வரும். டெக்சாஸில், சுகர் லேண்டில், எங்கள் வீட்டு "கராஜ்"தான் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் தமிழ்ப் பிள்ளைகளின் "சண்டே கிளாஸ்". பாளையங்கோட்டைக்காரியான அம்மா காரை வெளியே நிறுத்திவிட்டு, மடக்கு நாற்காலிகளைப் போட்டு, பத்துப் பன்னிரண்டு பேருக்கு ரிப்பன் பக்கோடா கொடுத்து வேதக் கதை சொல்வாள். நாங்கள் ஆங்கிலத்தில் கேள்வி கேட்போம், அவள் தமிழில்தான் பதில் சொல்வாள். இரு தரப்பும் கடைசிவரை விட்டுக்கொடுக்கவில்லை.

எங்கள் பின்வேலிக்கு அந்தப் பக்கம் நிலோஃபரின் வீடு. காயல்பட்டினத்துக் குடும்பம், அவளுக்கும் என்னைப் போலப் பத்து வயது. முதல் நாள் பக்கோடாவுக்காகத்தான் வந்தாள் என்பதை அவளே ஒத்துக்கொள்வாள். அவளை வகுப்பில் உட்காரவைக்கலாமா என்று அம்மா தயங்கித் தயங்கிக் கேட்டபோது, "தாவீதுன்னா எங்க தாவூது நபிதானே, நல்லாக் கேக்கட்டும்" என்று அவளுடைய உம்மா சிரித்துவிட்டார்.

எங்கள் இருவரையும் பிடித்துக்கொண்டது அந்த அம்புக் கதை. சவுல் ராஜா தாவீதைக் கொல்லத் தேடுகிறான். ராஜாவின் சொந்த மகன் யோனத்தானோ தாவீதின் உயிர்த் தோழன். தாவீது வயல்வெளியில் ஒளிந்திருக்க, யோனத்தான் அம்பு எய்து சேதி சொல்வதாக ஏற்பாடு: அம்பு இந்தப் பக்கம் விழுந்தால் ஆபத்தில்லை, வா, அப்பால் விழுந்தால் ஓடிப் போ. அம்பு அப்பால்தான் போய் விழுந்தது, இருவரும் கட்டிக்கொண்டு அழுது பிரிந்தார்கள். கதை முடிந்த அரை மணி நேரத்தில் நாங்களும் உடன்படிக்கை செய்துகொண்டோம். அம்புக்கு எங்கே போவது? டென்னிஸ் பந்துதான். எங்கள் எலுமிச்சை மரத்துக்கு முன்னால் மூன்று பந்து விழுந்தால் "வா". அப்பால் விழுந்தால் "ஓடு". உம்மா தூங்குகிறார் என்பதிலிருந்து வீட்டுப்பாடம் முடியவில்லை என்பதுவரை எல்லாவற்றுக்கும் பந்துகள் பறந்தன.

அந்த வருஷம் ஒரு பெருமழை வந்தது. மூன்று நாளாக விடவில்லை, மின்சாரம் போயிற்று, செல்போன்களும் செத்தன. டாலஸில் இருந்த சித்தப்பா வீட்டுக்குப் போவதென்று அப்பா முடிவெடுத்து, வேனில் டி.வி., அரிசி மூட்டை, சான்றிதழ்ப் பெட்டி எல்லாவற்றையும் ஏற்றி, "சாப்பிட்டுட்டுக் கிளம்பலாம்" என்றார். நிலோஃபரின் வாப்பா வேலையாகக் கடல் நடுவே எண்ணெய்த் தளத்தில் இருந்தார்; உம்மாவுக்கு கார் ஓட்டத் தெரியாது. ஆனால் வாப்பாவின் நண்பர் முந்தின நாளே வந்து அவர்களைக் கூட்டிக்கொண்டு போவதாக, செல்போன்கள் சாவதற்கு முன்பே சேதி வந்திருந்ததால் நாங்கள் யாரும் கவலைப்படவில்லை.

சாப்பாட்டுத் தட்டோடு ஜன்னலருகே நின்றபோதுதான் பார்த்தேன். வேலிக்கு மேலே ஒரு பந்து வந்தது. இன்னொன்று. மூன்றாவது. மூன்றும் எலுமிச்சை மரத்தைத் தாண்டி விழுந்தன.

"அப்பா, நிலோ ஓடச் சொல்றா!"

"அவங்கதான் நேத்தே போயிட்டாங்களேம்மா."

"பந்து தானா வருமா, அப்பா?"

அப்பா நாற்காலி போட்டு வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தார். அந்தப் பக்கம் முழங்கால் தண்ணீரில் நிலோஃபர் நின்றிருந்தாள். அந்த நண்பர் வரவேயில்லை; அவருடைய கார் "ஃப்ரீவே"யிலேயே சிக்கிக்கொண்டது பிறகுதான் தெரிந்தது. அவர்கள் வீட்டுக்கு எதிரே ஓடிய கால்வாய் கரை உடைத்துக்கொண்டதை மாடியிலிருந்து பார்த்துவிட்டு, எங்களுக்குத் தெரியாதே என்று ஓடிவந்திருக்கிறாள். அப்பா சுத்தியலால் வேலிப் பலகைகளை உடைக்கத் தொடங்கினார். உம்மா அப்போதும் கூச்சத்தோடு, "உங்க வண்டியில ஏற்கெனவே நெறைய இருக்கு. நீங்க போங்க, இவ வாப்பா யாரையாச்சும் அனுப்புவாரு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அம்மா மழையில் நனைந்தபடியே கத்தினாள்: "ஏங்க, சனம் பெருசா, சாமான் பெருசா? அந்த டி.வி.யத் தூக்கி வெளிய போடுங்க!" அப்பா பத்து மாசம் யோசித்து வாங்கிய டி.வி. அது. அவரே அதை இறக்கிவைத்தார்.

வேனில் ஏறியதும் நிலோஃபர் என்னிடம் சண்டைக்கு வந்தாள்.

"நான் கோ-ன்னுதானே சைன் குடுத்தேன்? ஒய் டிட் யூ கம்?"

"ஹெல்ப்-னு குடுத்திருக்க வேண்டியதுதானே?"

"ஹெல்ப்புக்கு சைனே இல்லையே!"

அப்போதுதான் எங்கள் உடன்படிக்கையின் லட்சணம் புரிந்தது. "வா" என்றால் ஆபத்தில்லை, வா. ஆபத்தில் இருக்கிறேன், வா என்பதற்கு நாங்கள் ஒன்றுமே வைத்திருக்கவில்லை. பொய்யாக "வா" என்று எறிய அவளுக்கு மனசில்லை. அதனால் எங்களைத் தப்பிக்கச் சொல்லிவிட்டு அவள் அங்கேயே நின்றிருக்கிறாள். நான் அழுதேன், அவளும் அழுதாள், உம்மா எங்கள் இருவர் தலையையும் துவட்டிவிட்டார். அன்று மாலைக்குள் எங்கள் தெருவும் மூழ்கிவிட்டது என்று பிறகு கேள்விப்பட்டோம். சாப்பிட்டு முடித்துத்தான் கிளம்பியிருந்தால் நாங்களும் அதில் மாட்டியிருப்போம்; அப்பா புது டி.வி. ரொம்ப நாள் வாங்கவில்லை.

இப்போது நான் பிளசன்டன் என்ற ஊரில் இருக்கிறேன், நிலோஃபர் டாலஸ் பக்கத்து ஆலனில். சுகர் லேண்ட் வீட்டை விற்றாயிற்று. அம்மாவின் வகுப்பு நின்று, அந்தப் பிள்ளைகள் ஆளுக்கொரு மாநிலமாகப் போய்விட்டார்கள். போன மாதம் நிலோஃபர் வீட்டில் தங்கியிருந்தபோது, இத்தனை வருஷமாகச் சொல்லாத ஒன்றைச் சொன்னாள். அன்று காலை, வாப்பாவின் நண்பர் இனி வரமாட்டார் என்று புரிந்ததும், உம்மா அவளை மடியில் உட்காரவைத்து, பால்பாயின்ட் பேனாவால் அவள் முழங்கைக்குக் கீழே அவள் பெயரையும் வாப்பாவின் போன் நம்பரையும் அழுத்தி எழுதினாராம்.

"எதுக்கு உம்மான்னு கேட்டேன். சும்மாதான்னு சொன்னாங்க" என்றாள் நிலோஃபர். சித்தப்பா வீட்டில் இரண்டு நாள் சோப்பு போட்டுத் தேய்த்த பிறகுதான் அது போயிற்றாம்.

அவள் கையை இழுத்து வைத்துப் பார்த்தேன். வெள்ளம் கொண்டுபோனால், கிடைக்கும் உடம்பு யாருடையது என்று தெரிவதற்காகத்தான் உம்மா அதை எழுதியிருக்கிறார். அந்தக் காலத்திலிருந்து எத்தனையோ அழிந்து போய்விட்டன, பலவற்றுக்கு வருத்தப்பட்டிருக்கிறேன். அந்த நம்பர் அழிந்ததற்கு மட்டும் கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொன்னேன். அவள் அல்ஹம்துலில்லாஹ் என்றாள்.