மல்லிகைப்பூ தலைக்கு இல்லியாம்

இன்னைக்கு நாகர்கோவில்ல இருந்து புதுக்கடைக்குத் திருவிதாங்கூர்-கொச்சி சர்க்கார் பஸ்ல வந்தேன்.

பக்கத்துல ஒரு சின்னப் பொண்ணு. மடியில கைக்குழந்தை, கையில பெரிய பொட்டலமா மல்லிகைப்பூ.

"வீட்டுல விசேஷமா மக்கா?"ன்னு கேட்டேன்.

"இல்லக்கா. மாருல வச்சுக் கெட்டணும். பால் வத்திரும்னு மாமி சொன்னாவ."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. "அப்போ பிள்ளைக்கு?"

"பிள்ளையோட அப்பா கொழும்புல இருந்து டப்பாப் பால் கொண்டு வந்திருக்காவ. அதுதான் சத்தாம்."

டப்பா சீக்கிரம் தீரக் கூடாதுன்னு தண்ணிய நெறய ஊத்திக் கலக்குறாளாம். பிள்ளைக்கு வயித்தால போயிட்டே இருக்காம். கையைத் தொட்டுப் பாத்தேன், வெறும் எலும்பு.

அந்நேரம் குழந்தை அழுதுச்சு. அவ ரவிக்கை பாலா நனைஞ்சிட்டு.

"இப்பமே குடு"ன்னு முந்தானைய விரிச்சு மறைச்சேன். பிள்ளை குடிச்ச வேகத்தைப் பாத்து அவளே அழுதுட்டா. பிள்ளையைக் காட்ட நேரா ஆசுபத்திரிக்குப் போறேன்னு சொன்னா.

இறங்கும்போது, "டப்பாவ என்னக்கா செய்ய?"

"மாமிக்குக் கலக்கிக் குடு. சத்து வரட்டும்."

அந்த மாமியாரு என்னைத் தேடி வந்தா, யாரும் வீட்டைக் காட்டிக் குடுத்திராதீங்க, கேட்டியளா?