ஃப்ரிட்ஜில் வைத்த ரத்தம்

பச்சை மூடி போட்ட இரண்டு கண்ணாடிக் குழாய்கள். ஒன்றில் ஒட்டியிருந்த சீட்டில் 'ஃப்ரிட்ஜ்' என்றும் மற்றதில் 'மேசை' என்றும் உருண்டையான பள்ளிக்கூட எழுத்தில் எழுதியிருந்தது. நோயாளியின் எண் இருக்க வேண்டிய இடம் அது. இது யாருடைய ரத்தம் என்று கேட்டேன். "என்னோடதுதான் மேடம்" என்றார் எங்கள் ஆய்வுக்கூட டெக்னீஷியன். அவருடைய இடது முழங்கை மடிப்பில் பஞ்சு ஒட்டியிருந்ததை அப்போதுதான் கவனித்தேன். இரண்டாயிரம் பிறந்து சில ஆண்டுகள் ஆகியிருந்த சமயம். இன்னும் பத்து நாளில் நான் டெல்லிக்குப் போய், ஒரு மாநாட்டில் எங்கள் ஆய்வைப் பற்றிப் பேச வேண்டியிருந்தது.

வேலூரில் லாங் பஜாருக்குப் பின்னால் இருந்த ஓர் அறக்கட்டளை மருத்துவமனையில் அப்போது வேலை பார்த்தேன். இப்போது அந்த இடத்தில் கல்யாண மண்டபம் இருக்கிறது. கல்லீரலில் வந்த புற்றுக்கட்டியை வயிற்றைத் திறக்காமல் சுட்டு அழிக்கும் சிகிச்சையை நாங்கள் தொடங்கியிருந்தோம். அல்ட்ராசவுண்ட் திரையைப் பார்த்துக்கொண்டே நீளமான ஊசியைக் கட்டிக்குள் செலுத்தி, ரேடியோ அலையால் அதன் முனையைச் சூடேற்றுவோம். கட்டி உள்ளேயே வெந்து செத்துப்போகும். அந்தச் செத்த கட்டியை வெளியே எடுப்பதில்லை, உடம்பே மெல்ல மெல்லக் கரைத்துக்கொள்ளும். அப்படிக் கரைக்கும்போது நம் ரத்தத்திலுள்ள எதிர்ப்பு அணுக்கள் அந்தப் புற்றுநோயை அடையாளம் கண்டுகொள்கின்றனவா, வேறெங்காவது அது தலைகாட்டினால் தாக்குகின்றனவா என்பதுதான் எங்கள் கேள்வி. ஆம் என்று பதில் வந்தால், அந்த அணுக்களை வெளியே எடுத்துப் பெருக்கி நோயாளிக்கே திரும்பக் கொடுக்கும் நாள் வரும் என்று கனவு கண்டோம்.

வேலை எளிமையானது, ஆனால் பொறுமையைச் சோதிப்பது. சிகிச்சைக்கு முன்பு ஒரு தடவை, பின்பு சில தடவை நோயாளியிடம் ரத்தம் எடுக்க வேண்டும். அதிலிருந்து வெள்ளை அணுக்களைப் பிரித்து, கண்ணாடிக் குடுவையில் வளர்த்த புற்றணுக்களோடு கலந்து வைக்க வேண்டும். மறுநாள் நீலச் சாயம் விட்டு மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் செத்தவை நீலமாகவும் உயிருள்ளவை பளிச்சென்றும் தெரியும். எத்தனை புற்றணுக்கள் செத்திருக்கின்றன என்று ஒன்றொன்றாக எண்ண வேண்டும். இத்தனையையும் செய்தவர் அந்த டெக்னீஷியன்தான். என்னைவிட இரண்டு வயது இளையவர். கணவர் ஆம்பூரில் ஷூ கம்பெனியில் கட்டிங் பிரிவில் இருந்தார். தினமும் ஆம்பூரில் ரயிலேறிக் காட்பாடியில் இறங்கி, டவுன் பஸ் பிடித்து வருவார். நோயாளிகள் அவரை 'லேப் அம்மா' என்பார்கள். நானும் அப்படியே சொல்லிப் பழகிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாடகர் குழுவில் பாடுகிறவர், லேப்பில் மட்டும் வாயைத் திறக்கவே மாட்டார். எண்ணும்போது யாராவது பேசினால் நிமிர்ந்து ஒரு பார்வை பார்ப்பார், அவ்வளவுதான்.

எங்களுக்குக் கிடைத்த முடிவு பிரமாதமாக இருந்தது. சிகிச்சைக்கு முன்பு சோம்பிக் கிடந்த எதிர்ப்பு அணுக்கள் சிகிச்சைக்குப் பின்பு புற்றணுக்களைக் கொன்று குவித்தன. ஏறக்குறைய எல்லா நோயாளிகளிடமும் இதையே பார்த்தோம். ஆம்பூரில் தோல் பதனிடும் ஷெட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பாய் எங்கள் நோயாளிகளில் ஒருவர். ஒவ்வொரு முறை வரும்போதும் "என் ரத்தத்துல இன்னா தெரிஞ்சுது டாக்டரம்மா?" என்று கேட்பார். சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் சந்தோஷம் தாங்காமல், உங்கள் உடம்புக்குள் இருக்கும் சிப்பாய்கள் விழித்துக்கொண்டார்கள் என்று சொல்லிவிட்டேன். அவர் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்துக்கொண்டே எழுந்து போனது இன்னும் நினைவிருக்கிறது.

அந்தச் சந்தோஷத்தின் நடுவில்தான் வார்டு ஃப்ரிட்ஜ் ஒரு நாள் ரிப்பேரானது. சிகிச்சைக்கு முந்தைய ரத்தத்தை நர்ஸ் காலை ஆறு மணிக்கே எடுத்து அந்த ஃப்ரிட்ஜில் வைத்துவிடுவார். லேப் அம்மா ரயில் பிடித்து வந்து, பத்து மணிக்கு மேல்தான் அதை எடுத்துப் போவார். சிகிச்சைக்குப் பிந்தைய ரத்தத்தை அவரே லேப்பில் எடுத்து உடனே பிரித்துவிடுவார். ஃப்ரிட்ஜ் கெட்டுப்போன அன்று வந்த நோயாளியின் குழாய் மட்டும் வார்டு மேசை மேலேயே இருந்தது. அந்த ஒருவருக்கு மட்டும், சிகிச்சைக்கு முன்பே எதிர்ப்பு அணுக்கள் சுறுசுறுப்பாக இருந்தன. நான் அதை விதிவிலக்கு என்று ஒதுக்கினேன். அவர் ஒதுக்கவில்லை. யாரிடமும் சொல்லாமல் தன் கையிலேயே இரண்டு குழாய் ரத்தம் எடுத்து, ஒன்றை ஃப்ரிட்ஜிலும் மற்றதை மேசையிலும் நாலு மணி நேரம் வைத்து, பிறகு வழக்கமான சோதனையைச் செய்திருக்கிறார். அதையே மூன்று வாரம் திரும்பத் திரும்பச் செய்த பிறகுதான் அந்த இரண்டு குழாய்களோடு என் முன்னால் வந்து நின்றார்.

"ஃப்ரிட்ஜ்ல வெச்சா கொல்ற வேகம் கம்மியாயிடுது மேடம். மேசைல வெச்சா அப்படியே இருக்குது. நாம பாத்தது ட்ரீட்மெண்டால இல்ல. குளிரால."

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. இரண்டு வருட உழைப்பு. டெல்லி டிக்கெட் வாங்கியாகிவிட்டது. எண்ணும்போது உங்களுக்குத்தான் தப்பு நேர்ந்திருக்கும் என்று சொல்லிவிட்டேன். அவர் எண்ணியதில் நான் ஒரு தடவைகூடத் தப்பு கண்டதில்லை என்பது எனக்கே தெரியும். அவர் முகம் சிவந்தது. ஆனால் நகரவில்லை. கையில் கட்டும் ரப்பர் வாரையும் சிரிஞ்சையும் எடுத்து மேசை மேல் வைத்தார்.

"உங்க கையக் குடுங்க மேடம். நீங்களே எண்ணுங்க. நான் பக்கத்துல கூட வரமாட்டேன்."

கையை நீட்டினேன். ஒரே குத்தில் நரம்பைப் பிடித்தார். இரண்டு குழாய்கள். எது ஃப்ரிட்ஜில் இருந்தது, எது மேசையில் இருந்தது என்பது எனக்குத் தெரியக் கூடாதென்று சீட்டில் வெறும் அ, ஆ என்று எழுதிக் கொடுத்தார். மறுநாள் காலை நானே உட்கார்ந்து எண்ணினேன். 'அ'வில் நீலப் புள்ளிகள் வானத்து நட்சத்திரம்போல் இருந்தன. 'ஆ'வில் தேட வேண்டியிருந்தது. எண்ணி முடித்துத் திரும்பியபோது அவர் வாசலில் நின்றுகொண்டிருந்தார். 'ஆ'தானே ஃப்ரிட்ஜ் என்று கேட்டேன். தலையசைத்தார். அவர் முகத்தில் ஜெயித்த களை இல்லை. அழுதிருந்தது தெரிந்தது. அந்த இரண்டு வருடமும் அவருடையதும்தானே என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

துறைத் தலைவரிடம் போனோம். மாநாடு முடியட்டும், பிறகு திருத்திக்கொள்ளலாம் என்றார் அவர். கெட்ட மனிதர் அல்ல. சின்ன மருத்துவமனைக்குக் கிடைத்த பெரிய மேடை நழுவுகிறதே என்ற ஆதங்கம். என் மனமும் ஒரு நிமிடம் அந்தப் பக்கம் சாய்ந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. அந்த அறையில் அதுவரை ஒரு வார்த்தைகூடப் பேசியிராத லேப் அம்மா, "அந்த பாய் அடுத்த வாரம் வர்றார் சார். ரத்தத்தப் பத்திக் கேப்பார். அவருக்கு இன்னா சொல்றது?" என்றார். டெல்லியில் ஃப்ரிட்ஜைப் பற்றியே பேசிவிட்டு வாருங்கள் என்றார் தலைவர்.

பாய் வந்தார். ஸ்கேனில் கல்லீரலின் வேறொரு மூலையில் புதிதாக ஒரு புள்ளி தெரிந்தது. இரண்டு கெட்ட செய்திகளையும் நான்தான் சொல்ல வேண்டும். புள்ளியைப் பற்றிச் சொன்னேன். பிறகு, சிப்பாய்கள் விழித்துக்கொண்டார்கள் என்று சொன்னது எங்கள் தவறு என்பதையும், எப்படித் தவறானது என்பதையும் சொன்னேன். பக்கத்தில் லேப் அம்மா நின்றிருந்தார். பாய் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். ஷெட்டில் ஒரு தொட்டியில் மருந்து சரியில்லை என்றால் அதில் ஊறிய தோல் மொத்தத்தையும் தனியே எடுத்து வைத்துவிடுவோம், நல்ல தோலோடு சேர்த்து அனுப்பமாட்டோம் என்றார். அப்புறம், மறுபடி ஊசி போடணும்தானே என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

"அப்ப மறுபடி ரத்தம் எடுத்துக்கோங்க. இந்த வாட்டி ஃப்ரிட்ஜ்ல வெக்காதீங்க."

எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கினோம். சிகிச்சை நாட்களில் லேப் அம்மா விடியற்காலை முதல் ரயிலைப் பிடித்து ஏழு மணிக்கெல்லாம் வார்டில் நிற்பார். ரத்தத்தைத் தானே எடுத்து, குழாயைக் கைக்குட்டையில் சுற்றி, லேப்புக்கு நடந்து போவார். கைக்குழந்தையைத் தூக்கிப் போவதுபோல் இருக்கும். இன்னும் இரண்டு வருடம் ஆனது. இந்தத் தடவை கிடைத்த முடிவு சின்னது. சிலரிடம் ஒரு மாற்றமும் இல்லை. சிலரிடம் எதிர்ப்பு அணுக்கள் கொஞ்சம், கொஞ்சமே கொஞ்சம், கூடுதலாக வேலை செய்தன. சில வாரங்களில் அதுவும் அடங்கியது. பாயின் ரத்தத்தில் அந்தக் கொஞ்சம் இருந்தது. அதனால்தான் அவர் அப்புறம் நாலு வருடம் இருந்தார் என்று நான் சொல்லமாட்டேன். அப்படிச் சொல்ல எங்களிடம் ஆதாரம் இல்லை. ஆனால் அவரிடம் அந்தக் கொஞ்சத்தைச் சொன்னபோது, "இது நெசம்தானே?" என்று என்னைக் கேட்கவில்லை. லேப் அம்மாவைப் பார்த்துக் கேட்டார். அவர் ஆமாம் என்றதும்தான் சிரித்தார்.

இப்போது நான் சென்னையில் இருக்கிறேன். நோயாளியின் எதிர்ப்பு அணுக்களை வெளியே எடுத்து, மாற்றி அமைத்து, திரும்ப உடம்பில் ஏற்றும் சிகிச்சையை இன்றைய இளம் டாக்டர்கள் சாதாரணமாகப் பேசுகிறார்கள். நாங்கள் எண்ணிய புள்ளிகளை மெஷின் ஒரு நிமிடத்தில் எண்ணிவிடுகிறது. அவர்கள் கட்டியிருக்கும் கோபுரத்தில் எங்களுடையது ஒரு சின்னச் செங்கல்கூட இல்லை என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் புதிதாகச் சேர்கிறவர்களுக்கு முதல் நாள் நான் சொல்வது ஆம்பூரிலிருந்து ரயிலில் வந்த ஒருவரின் கதையைத்தான். அவர் பெயரை இங்கே எழுத வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டார். எங்கள் ஆய்வுக் கட்டுரையில் என் பெயருக்கு அடுத்ததாக அது அச்சாகியிருக்கிறது, அது போதுமாம்.

டெல்லியிலிருந்து நான் திரும்பிய அன்று நடந்ததையும் சொல்ல வேண்டும். அங்கே எழுந்து, எங்கள் முடிவு தவறு, காரணம் ஃப்ரிட்ஜ் என்று சொன்னதும் அரங்கில் கேள்விக்கு மேல் கேள்வி. தங்கள் லேப்பிலும் அப்படித்தான் வைக்கிறோம் என்று இரண்டு பேர் எழுந்து சொன்னார்கள். இதைக் கண்டுபிடித்தது யார் என்று ஒரு முதியவர் கேட்டார். இதையெல்லாம் நான் சொல்லச் சொல்ல, லேப் அம்மா குடுவைகளைக் கழுவிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் தண்ணீர்க் குழாயை மூடினார்.

"இன்னா சொன்னீங்க மேடம்? லேப் டெக்னீஷியன்னா?"

"இல்ல. உங்க பேரச் சொன்னேன். அவர் எழுதிக்கிட்டார். எழுத்துக் கூட்டிச் சொல்லச் சொன்னார்."

அவர் ஈரக் கையைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டார். "சரியாச் சொன்னீங்களா?" என்று கேட்டார்.