சுவரில் ஒரு கட்டைவிரல்

என் அண்ணிக்கு உயரம் என்றால் பயம். நாற்காலி மேல் ஏறி பல்பு மாட்டுவதற்குக்கூட என்னைத்தான் கூப்பிடுவாள். ஆனால் அவள் படித்தது, பட்டம் வாங்கியது, இன்றுவரை சம்பளம் வாங்குவது எல்லாமே ஒரு செங்குத்துப் பாறையை வைத்துத்தான். அந்தப் பாறைக்கு வேறு ஆள் கிடைக்கவில்லை போலிருக்கிறது.

எங்கள் ஊருக்குப் பின்னால் மேட்டுநிலம் ஒன்று மேஜை போலத் தட்டையாக நீண்டு வந்து, சொல்லாமல் கொள்ளாமல் முடிந்துவிடும். முடிகிற இடத்திலிருந்து கீழே சாலை வரைக்கும் நேர்க்குத்தாகப் பாறை. புத்தகத்தில் அதற்கு நீளமான பெயர் உண்டு. நாங்கள் சுவர் என்போம். மேலே இருப்பது கெட்டிப் பாறை, அடியில் நகத்தால் கீறினாலே உதிர்கிற மென்பாறை. மழையும் காற்றும் அடியை அரித்துவிட, மேல்பாறை தாங்க ஆளில்லாமல் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். பிறகு அதில் விரிசல் விடும். பிறகு ஒருநாள் விழும். இப்படி விழுந்து விழுந்தே சுவர் பின்னால் நகர்ந்துகொண்டிருக்கிறது.

அது எவ்வளவு வேகமாக நகர்கிறது, அதன் மேல் என்னென்ன உயிர்கள் ஒட்டிக்கொண்டு பிழைக்கின்றன என்று பார்ப்பதற்காகவே விளிம்புக்குச் சற்றுத் தள்ளி ஓர் ஆராய்ச்சி நிலையம். ஆடு ஏறாத, தீ எட்டாத இடம் என்பதால் சுவரில் வேறெங்கும் காணாத செடிகள் உண்டு. இடுக்கில் நிற்கும் முழ உயர மரத்தைப் பார்த்தால் நேற்று நட்டது போலிருக்கும். வயதைக் கேட்டால் நாம் அதற்கு வணக்கம் சொல்ல வேண்டியிருக்கும். அண்ணி அங்கே நிலவியல் ஆராய்ச்சியாளர். நான் ஜீப் ஓட்டுகிறேன். என் அண்ணன் கயிற்றில் தொங்கினான்.

அதுதான் அவன் வேலை. விளிம்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்கி, அண்ணி கேட்கிற இடத்தில் கேட்கிற கல்லை உடைத்துக்கொண்டு வருவான். அவள் விளிம்பிலிருந்து பத்தடி தள்ளி, ஒரு மரத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு கேள்வி கேட்பாள். அவன் கீழேயிருந்து பதில் சொல்வான்.

"நிறம் என்ன?"

"தேன் கலரு."

"எந்தத் தேன்? புதுசா, பழசா?"

"நக்கிப் பாத்துட்டுச் சொல்றேன், இருங்க."

இப்படிக் கத்திக் கத்தியே இரண்டு பேருக்கும் பிடித்துப்போனது. கல்யாணத்துக்குப் பிறகும் வீட்டுக்குள் சத்தமாகத்தான் பேசிக்கொள்வார்கள். பக்கத்து வீட்டுக்காரர்கள் எங்கள் வீட்டில் தினமும் சண்டை என்று நினைத்திருந்தார்கள்.

"சுவரப் படிச்சவ சுவரத் தொட்டதே இல்ல. ஒரு நாள் இறங்கி வந்து பாரு. நான் பிடிச்சுக்கறேன்" என்பான் அண்ணன்.

"அடுத்த வருஷம்" என்பாள் அண்ணி.

சாலைக்கு நேர் மேலே லாரி அளவுக்கு ஒரு பாறை, தாய்ப்பாறையிலிருந்து பிளவுபட்டுத் தனியாக நின்றது. விரிசலின் குறுக்கே அளவுத்தகடு பொருத்தியவன் அண்ணன்தான். கண்ணாடி போன்ற இரண்டு தகடுகள், ஒன்றின் மேல் ஒன்று. ஒன்றைத் தாய்ப்பாறையிலும் மற்றதைப் பிளந்த பாறையிலும் சிமெண்ட் வைத்து ஒட்டியிருக்கும். ஒன்றில் கட்டங்கள், மற்றதில் சிவப்புக் கூட்டல் குறி. விரிசல் அகன்றால் குறி கட்டங்களின் மேல் நகரும். எதிர்ப்பக்கம் வளைந்து வரும் பாறைமுனையில் தொலைநோக்கி ஒன்று நிரந்தரமாக நிற்கிறது. அதில் பார்த்து அளவைச் சொல்லிவிடலாம், இறங்கத் தேவையில்லை.

ஒட்டி முடித்ததும் பிளந்த பாறைப் பக்கத்து ஈரச் சிமெண்டில் அண்ணன் கட்டைவிரலை அழுத்திவிட்டு வந்தான். "கையெழுத்துப் போட்டாச்சு, இனி உன் பாடு" என்று அண்ணியிடம் சொன்னான்.

அண்ணன் இப்போது இல்லை என்று சொன்னால் எல்லோரும் அவன் சுவரிலிருந்து விழுந்து செத்தான் என்றே நினைக்கிறார்கள். சுவர் அவனை ஒன்றும் செய்யவில்லை. காய்ச்சல். படுத்தவன் எழுந்திருக்கவில்லை. ஆயுள் முழுக்கக் கயிற்றில் தொங்கியவன் கட்டிலில் போனான், அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அதற்குப் பிறகு அண்ணி சத்தம் போட்டுப் பேசுவதை விட்டுவிட்டாள். வீட்டில் நாங்கள் இருவர்தான். இருவரும் மெதுவாகப் பேசினோம். அவனுடைய சட்டைகளை யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று நான் சொன்னபோது தலையாட்டினாள். அடுத்த நாள் அவற்றைத் துவைத்து, மடித்து, திரும்ப அதே அலமாரியில் வைத்தாள்.

ஒரு மாற்றம் மட்டும் என் கண்ணில் பட்டது. விரிசல் அளவை விடியற்காலையில்தான் எடுக்க வேண்டும். வெயிலில் பாறை விரியும், விரிந்தால் விரிசல் மூடினாற்போலத் தெரியும். குளிரில்தான் உண்மை அகலம் தெரியும். புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்களுக்கு அண்ணி நடத்தும் முதல் பாடமே இதுதான். ஆனால் அண்ணன் போன பிறகு அவள் பிற்பகலில் போக ஆரம்பித்தாள். நான்தானே ஓட்டிக்கொண்டு போகிறேன், எனக்குத் தெரியாதா? காரணமும் தெரியும். சுவர் மேற்குப் பார்த்தது. காலையில் அதன் முகம் நிழலில் கிடக்கும். வெயில் சாய்ந்து விழும்போது மட்டும் அந்தச் சிமெண்டில் சின்னதாக ஒரு குழி தெரியும்.

அளவைக் குறிக்க ஒரு நிமிடம் போதும். அவள் வெயில் இறங்கும்வரை தொலைநோக்கியை விட்டுக் கண்ணை எடுக்க மாட்டாள். நான் ஜீப்பில் சாய்ந்துகொண்டு, காணாததுபோல் டயரை உதைத்துக்கொண்டிருப்பேன்.

அவள் கணக்குத் தெரியாமல் செய்யவில்லை. வெயிலுக்கு ஈடாக இவ்வளவு சேர்க்க வேண்டும் என்று ஒரு கணக்கு வைத்திருந்தாள். ஆனால் வெப்பத்தைப் பார்த்தது மரநிழலில் தொங்கும் வெப்பமானியில். நேர் வெயிலில் காய்கிற பாறையின் சூடு எங்கே, மரநிழல் எங்கே? சேர்த்தது எப்போதும் குறைவாகவே இருந்திருக்கும். இதே தப்பைச் செய்தவர்களை எத்தனை முறை அவள் வறுத்தெடுத்திருக்கிறாள். ஊருக்குத்தான் உபதேசம் என்பது இதுதான்.

இந்த வருடம் மழை விட்டு, திடீரென்று குளிர் இறங்கியது. ஒருநாள் விடிவதற்குள் கயிற்றுக்காரரைப் பாறைமுனையில் இறக்கிவிட வேண்டியிருந்தது. அண்ணனோடு சேர்ந்து வேலை கற்றவர் அவர். தூக்கம் வரவில்லை என்று அண்ணியும் ஜீப்பில் ஏறிக்கொண்டாள். வெளிச்சம் வந்ததும், வந்ததற்குப் பார்ப்போமே என்று தொலைநோக்கியில் கண்ணை வைத்தாள்.

வைத்தவள் எடுக்கவில்லை. நான் போய்ப் பார்த்தேன். சிவப்புக் குறி கட்டங்களைத் தாண்டி வெளியே நின்றது.

"ஈரத்துல தகடு நழுவியிருக்கும், அண்ணி" என்றேன்.

"உங்க அண்ணன் ஒட்டுனது நழுவாது."

திரும்பி வந்து நிலையத்து வாசலில் வண்டியை நிறுத்தியதும் சொன்னாள், "நான் பாறைய அளக்கல. அவரப் பாத்துட்டு இருந்தேன். கீழ பஸ்ஸு போகுது, பிள்ளைங்க போகுது. நான் இவ்வளவு நாளா அவரப் பாத்துட்டு இருந்திருக்கேன்."

அறிக்கை போனால் பாறையைத் தள்ளிவிடுவார்கள். பாறையோடு அந்தக் குழியும் போகும். அவன் இந்த உலகத்தில் அழுத்தி வைத்துவிட்டுப் போனது அது ஒன்றுதான். எனக்கும் அண்ணன்தானே. ஒரு வாரம் பொறுங்கள் என்று நாக்கு நுனிவரை வந்தது. அவள் அதற்குள் இறங்கி உள்ளே போய்விட்டாள். மதியத்துக்குள் சாலையை மூடினார்கள்.

பாறையைத் தள்ள நாள் குறித்தார்கள். அதற்கு முன் அதன் மேலிருக்கும் செடிகளைப் பெயர்த்தெடுத்து வேறு இடுக்குகளில் நட வேண்டும். அது கயிற்றுக்காரர் வேலை. தகட்டையும் கழற்றிக்கொண்டு வருகிறேன் என்றார் அவர்.

"நான் இறங்கறேன்" என்றாள் அண்ணி.

கயிற்றுக்காரர் என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன்.

"மேடம், நாற்காலி மேலயே ஏற மாட்டீங்க."

"ஏற மாட்டேன். இறங்கறேன்னுதானே சொல்றேன்?"

இயக்குநர் முடியாது என்றார். அண்ணி அவரோடு சத்தம் போட்டுப் பேசினாள். வராந்தாவில் நின்றிருந்த எனக்குக் கண் நிறைந்துவிட்டது. எத்தனை காலம் ஆயிற்று அந்தக் குரலைக் கேட்டு. கடைசியில், தாய்ப்பாறைப் பக்கமாக மட்டும், கயிற்றுக்காரர் கூடவே என்று ஒத்துக்கொண்டார்.

விளிம்புக்கு வரும்போது அவள் முகத்தில் ரத்தமே இல்லை. இடுப்பில் கயிற்று வாரை மாட்டிவிட்ட என் கையை விடவில்லை. விரல் விரலாக நான்தான் பிரித்தேன்.

"அந்தப் பாறை மேல கையை மட்டும் வைங்க மேடம், எடையை வைக்காதீங்க. கீழ பாக்காதீங்க, என்னப் பாருங்க" என்றார் கயிற்றுக்காரர்.

தலை மறைந்தது. பிறகு எனக்குத் தெரிந்ததெல்லாம் இழுபட்டு நின்ற இரண்டு கயிறுகள்தான். வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன் என்பதால் அவள் அண்ணனிடம் கேள்வி கேட்கிற மாதிரி இப்போது நான் கேட்டேன்.

"நிறம் என்ன அண்ணி?"

கீழேயிருந்து பதில் நடுங்கிக்கொண்டு வந்தது. "தேன் கலருதான். சரியாத்தான் சொல்லியிருக்காரு."

"குழி இருக்கா?"

"இருக்கு. ஆனா விரல் வைக்க இடமில்ல. பாசி முளைச்சிருக்கு."

எனக்குக் கோபம் வந்தது. இத்தனை வருடம் ஏங்கி, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கினால், ஒரு பாசி வந்து உட்கார்ந்திருக்கிறது. "பிடுங்கிப் போடுங்க அண்ணி" என்று கத்தினேன். சுவர் ஆராய்ச்சி நிலையத்தில் யாரும் சொல்லக் கூடாத வார்த்தை அது.

மேலே வந்தபோது அவள் ஒரு கையை நெஞ்சோடு சேர்த்து மூடி வைத்திருந்தாள். முழங்காலெல்லாம் சிராய்ப்பு. புல்லில் உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். பிறகு கையை விரித்தாள். பட்டாணிப் பச்சையில் ஒரு சின்னப் பாசித் திட்டு. கத்தி முனையால் ஓரம் சுற்றிக் கீறி, உடையாமல் அப்படியே கழற்றியிருக்கிறாள்.

"இதுக்கா?" என்றேன்.

அவள் அதைத் திருப்பினாள்.

காற்று கொண்டுவந்த புழுதியும் பாறைத் தூளும் அந்தக் குழிக்குள் படிந்து, பாசி அதில் வேர் போன்ற இழைகளை விட்டு இறுக்கியிருந்தது. கழற்றியபோது குழியின் வடிவம் அதோடு வந்துவிட்டது. குழியாக இருந்தது இப்போது மேடாக, உருண்டு, நுனி லேசாக வலப்பக்கம் சாய்ந்து, நடுவில் கயிறு அறுத்த பழைய தழும்போடு என் அண்ணனின் கட்டைவிரல். அழுத்திய பள்ளத்தைத்தான் அவள் இத்தனை நாளும் தொலைவிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். கைக்கு வந்தது விரல்.

நாங்கள் இரண்டு பேரும் அழுதோம். கயிற்றுக்காரர் அவசரமே இல்லாமல் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

கண்ணாடிப் பெட்டி செய்து வீட்டில் வைக்கலாம் என்றேன் நான். தினமும் பார்க்கலாம், தொடலாம். விரல் தெரிய வைத்தால் பாசி அடியில் போகும், வெளிச்சமில்லாமல் செத்துவிடும் என்றாள் அவள். செத்தால் சாகட்டும், பாசிதானே என்றேன்.

"அதான் அவரப் பிடிச்சு வச்சிருக்கு. அது செத்தா மண்ணெல்லாம் உதிர்ந்துடும்."

எழுந்து விளிம்பை நோக்கி நடந்தாள். இந்த முறை எந்த மரத்தையும் பிடிக்கவில்லை. விழப்போகும் பாறையிலிருந்து தள்ளி, தாய்ப்பாறையின் நிழல் பக்கத்தில் ஈரமான ஒரு சின்னப் பள்ளத்தைத் தேடினாள். பாசி மேலே, விரல் கீழே இருக்கும்படி வைத்து, தன் கட்டைவிரலால் மேலிருந்து அழுத்தினாள்.

மறுநாள் பாறையைத் தள்ளினார்கள். அந்தச் சத்தம் வீடுவரை கேட்டது. இப்போது அளவு எடுக்க விடியற்காலையில்தான் போகிறோம். தொலைநோக்கி முன் அவள் ஒரு நிமிடத்துக்கு மேல் நிற்பதில்லை. திரும்புகிற வழியில் வண்டியை நிறுத்தச் சொல்லி, தண்ணீர் பாட்டிலோடு விளிம்புக்குப் போகிறாள்.

"எப்படி இருக்காரு?" என்று ஜீப்பிலிருந்தே கத்துகிறேன்.

"பச்சையா இருக்காரு" என்று அவளும் கத்துகிறாள்.