தண்ணீர் மேல் பழி போட்ட வருஷம்

தண்ணீர் சுத்தம் செய்யும் மெஷின் மாட்டுவதும் ரிப்பேர் பார்ப்பதும் என் தொழில். வீடு செந்துறையில். அரியலூர், பெரம்பலூர், நடுவில் இருக்கிற ஊர்கள் என்று பைக்கில் ஒரு நாளைக்கு நாலைந்து வீடு ஏறி இறங்குவேன். பதினாறு வருஷமாக இதே வேலை. முதுகு போச்சு, முட்டி போச்சு, பேச்சு மட்டும் போகவில்லை. இந்தத் தொழிலில் பாதி வேலையைப் பேச்சுதான் செய்கிறது.

எங்கள் பக்கம் மண்ணுக்கடியில் சுண்ணாம்புக்கல். போர் தண்ணீரைப் பக்கெட்டில் பிடித்து வைத்தால் ஓரமெல்லாம் வெள்ளையாகப் படியும். சோப்பு நுரைக்காது, குழாய் வாய் அடைத்துக்கொள்ளும். இதையெல்லாம் எடுத்துச் சொன்னால் ஜனங்கள் ‘ஆமாங்க, ஆமாங்க’ என்று தலையாட்டுவார்கள், டீ கூடக் கொடுப்பார்கள், மெஷின் மட்டும் வாங்க மாட்டார்கள். ஆனால் ‘இந்தத் தண்ணியில குளிச்சா முடி கொட்டுங்க’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்த வீட்டு அம்மாவின் கை தானாகத் தலைக்குப் போகும். சும்மா சொல்லக் கூடாது, அந்த ஒரு வரியை வைத்தே நிறைய மெஷின் மாட்டியிருக்கிறேன். அதை எங்கே கேட்டேன், யார் சொன்னது, எதுவும் ஞாபகமில்லை. ஊரே சொல்கிறது, நானும் சொன்னேன். சொல்லிச் சொல்லி நானே நம்பிவிட்டேன். அதுதான் வினையாகப் போனது.

போன வருஷம் மாசி மாதம் என் மனைவிக்கு முடி கொட்ட ஆரம்பித்தது. அவள் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமையல் உதவியாளர். அரிசி கழுவுவது, காய் நறுக்குவது, பெரிய பெரிய பாத்திரம் துலக்குவது, நாள் முழுக்க நின்ற கால்தான். வேலைக்குக் கிளம்பும் முன் தலை வாரிவிட்டு, சீப்பில் வந்த முடியைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வந்து என்னிடம் காட்டுவாள். முதலில் சின்ன நெல்லிக்காய் அளவு இருந்தது. பங்குனிக்குள் எலுமிச்சை அளவுக்கு வந்துவிட்டது.

நான் சிரித்தேன் என்பதை மறைத்து என்ன ஆகப்போகிறது. மெஷின்காரன் பொண்டாட்டிக்கே முடி கொட்டுதுன்னு வெளியில தெரிஞ்சா என் யாவாரம் என்னாவுறது, வெளியில காட்டிடாதே என்று கிண்டல் செய்தேன். அவளும் சிரித்தாள். பிறகு நிஜமாகவே யோசித்து, குடிக்கிற தண்ணீருக்கு மெஷின் இருக்கிறது, குளிக்கிற தண்ணீருக்கு இல்லையே, அதுதான் காரணம் என்று முடிவு கட்டினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க மொட்டை மாடி வெயிலில் நின்று, உப்பை எடுக்கிற பெரிய உருளை ஒன்றைத் தொட்டியோடு சேர்த்து மாட்டினேன். தண்ணீரின் உப்பு எவ்வளவு என்று எண்ணில் காட்டும் சின்னக் கருவி என் சட்டைப்பையில் எப்போதும் இருக்கும். அதை அவள் கையிலேயே கொடுத்து, பக்கெட்டில் விட்டுப் பார்க்கச் சொன்னேன். எண் நன்றாகக் குறைந்திருந்தது. இனி உன் தலைக்கு நான் பொறுப்பு என்று பெரிய மனுஷன் மாதிரி சொன்னேன்.

சித்திரை போனது, வைகாசி போனது. முடி கொட்டுவது நின்றபாடில்லை. வகிடு அகலமாகிவிட்டது, உச்சியில் தோல் தெரிந்தது. தெரிந்தவர்கள் ஆளாளுக்கு ஒரு வைத்தியம் சொன்னார்கள். சின்ன வெங்காயச் சாறு தேய்த்தாள், வெந்தயம் அரைத்துப் பூசினாள், கரிசலாங்கண்ணி எண்ணெய் காய்ச்சினாள். வீடு முழுக்க வெங்காய வாடை. எனக்கு எரிச்சலாக வந்தது. தினம் காலையில் அந்தச் சுருட்டிய முடியைப் பார்க்கும்போது என் வேலையைக் குறை சொல்வது மாதிரி இருந்தது. கருவியை எடுத்து மறுபடி மறுபடி தண்ணீரைச் சோதித்தேன். தண்ணீரில் ஒரு குறையும் இல்லை. அப்புறமும் எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. சில நேரம், நீ கண்டதையும் தேய்க்கிறதாலதான் கொட்டுது என்று அவள் மேலேயே பாய்ந்தேன்.

அப்போதே அவள் மாறிப்போய்த்தான் இருந்தாள். மாடிப் படி ஏறினால் நடுப்படியில் நின்று மூச்சு வாங்குவாள். துணி காயப்போடப் போனவள் அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிடுவாள். பச்சை அரிசியை வாயில் போட்டு மென்றுகொண்டே இருப்பாள்; கேட்டால் என்னமோ நாக்கு கேக்குதுங்க என்பாள். வெயிலுக்கு இருக்கும், வயசு நாப்பத்தி ரெண்டாச்சு, வேலை ஜாஸ்தி என்று எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் என்னிடம் தயாராக இருந்தது. எனக்கும் அலுப்புதான். வீட்டில் இரண்டு பேருமே அலுத்துப்போய் வந்து, அலுத்துப்போய்ச் சாப்பிட்டு, படுத்துவிடுவோம். பிள்ளைகள் இரண்டும் திருச்சி ஹாஸ்டலில். கவனித்துப் பார்க்க வேறு ஆள் வீட்டில் கிடையாது.

ஆனி மாதம் பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளையின் தட்டில் முடி கிடந்தது. நீள முடி, யாருடையது என்று கேட்கவே வேண்டாம். ஹெட்மாஸ்டர் நல்ல மாதிரியாகத்தான் சொன்னாராம், தலையில் துணி கட்டிக்கிட்டு வேலை பாரும்மா என்று. அவள் ஏற்கனவே துணி கட்டிக்கொண்டுதான் சமைத்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு வீட்டுக்கு வந்து அடுப்பங்கரையில் உட்கார்ந்து அழுதாள். பிள்ளைங்க சாப்பிடுற சோத்துலங்க, பிள்ளைங்க சாப்பிடுற சோத்துலங்க என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள்.

பெரம்பலூரில் இருக்கும் அவளுடைய அக்காதான் வழி சொன்னது. சிறுவாச்சூர் அம்மனுக்கு வேண்டிக்கிட்டு மொட்டை போட்டுவிடு, முடியும் காணிக்கையாகப் போகும், புதுசாக அடர்த்தியாக முளைக்கும், சோற்றிலும் விழாது. மூன்றும் ஒரே வேலையில் முடிந்துவிடும் போலத்தான் எனக்கும் பட்டது. குழந்தைகளுக்கு மொட்டை போட்டால் நன்றாக முளைக்கிறதே, பெரியவர்களுக்கு ஏன் முளைக்காது? அந்தக் கோயிலில் திங்களும் வெள்ளியும்தான் நடை திறப்பு. ஆடியில் ஒரு வெள்ளிக்கிழமை போனோம். கூட்டம் என்றால் கூட்டம், ரோடு வரைக்கும் நின்றது.

மாவிளக்குக்கு அங்கேயே அரிசி இடிப்பது வழக்கம். அவளும் உலக்கையைப் பிடித்தாள். பத்து இடி இடித்திருப்பாள், உதடெல்லாம் வெளுத்துப்போய் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். விரதத்துல வந்திருக்கா, பசி மயக்கம் என்று அக்கா சொன்னது. நானும் ஆமாம் என்று சோடா வாங்கிக் கொடுத்தேன். மிச்ச மாவை அக்கா இடித்தது. பிறகு மொட்டை. இடுப்பு வரைக்கும் இருந்து, பாதியாகி, எலி வால் மாதிரி ஆகிவிட்டிருந்த பின்னல் போனது. சந்தனம் பூசிக்கொண்டு, எப்படிங்க இருக்கேன் என்று கேட்டாள். உன் மூஞ்சிக்கு மொட்டைதான் பொருத்தம், இத்தனை வருஷம் தெரியாம போச்சே என்றேன். கையில் இருந்த துண்டால் அடித்தாள்.

சொல்லவே சங்கடமாக இருக்கிறது, அதற்குப் பிறகு நாலு மாசம் எனக்கு நிம்மதியாக இருந்தது. சீப்பு கிடையாது, சுருட்டிய முடி கிடையாது, வெங்காய வாடை கிடையாது. தலை மழமழவென்று இருந்தால் கொட்டுவது எங்கே தெரியப்போகிறது! பிரச்சினை தீர்ந்தது என்று நான் தொழிலைப் பார்க்கப் போய்விட்டேன். அக்கம்பக்கத்தில் அவளுடைய பக்தியைப் பற்றிப் பேசினார்கள். முளைத்த முடி பஞ்சு மாதிரி, இங்கொன்றும் அங்கொன்றுமாக இருந்தது. போகப் போகச் சரியாகும் என்றேன். போகப் போக அவள் முகம்தான் சாம்பல் பூத்துப்போனது. மொட்டைத் தலை, அதனால் அப்படித் தெரிகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

கார்த்திகையில் ஒரு நாள் காலை பத்து மணி இருக்கும். எறையூர்ப் பக்கம் ஒரு வீட்டில் மெஷினைக் கழற்றிப் போட்டிருக்கிறேன், போன் வந்தது. அரிசி மூட்டையை நகர்த்தும்போது உங்க வீட்டம்மா விழுந்துட்டாங்க, ஆட்டோவில் அரியலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறோம் என்றார்கள். கழற்றியதைப் போட்டது போட்டபடி கிளம்பினேன். வழி முழுக்க சிமெண்ட் லாரிகள். ஒவ்வொன்றையும் திட்டிக்கொண்டே ஓட்டினேன். எதிரே எது வந்தாலும் கோபமாக இருந்தது.

வார்டில் இருந்தது ஒரு பெண் டாக்டர், சின்ன வயசுதான். நான் போன கையோடு, இவங்களுக்கு முடி பிரச்சினைங்க, ஒரு வருஷமா கொட்டுது, தண்ணி நல்ல தண்ணிதான், நானே மெஷின் மாட்டியிருக்கேன் என்று படபடவென்று ஒப்பித்தேன். டாக்டர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். என் மனைவியின் கீழ் இமையை விரலால் இழுத்துக் காட்டினார். உள்ளே சிவப்பாக இருக்க வேண்டிய இடம் காகிதம் மாதிரி வெள்ளையாக இருந்தது. பன்னிரண்டு இருக்க வேண்டிய ரத்த அளவு ஐந்துக்கு வந்திருக்கிறது, இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் இதயமே தாங்கியிருக்காது என்றார். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

காரணமும் அன்றைக்கே தெரிந்தது. கர்ப்பப்பையில் கட்டி, புற்றுநோய்க் கட்டி இல்லை. அதனால் மாசா மாசம் பத்து நாள், பன்னிரண்டு நாள் என்று உதிரம் போயிருக்கிறது. அது ஆரம்பித்து ஒன்றரை வருஷம் ஆகிவிட்டது. உடம்பில் இருந்த இரும்புச் சத்தெல்லாம் அந்த வழியில் போய்விட்டது. இருக்கிற கொஞ்சத்தை உடம்பு முக்கியமான இடத்துக்குத்தான் அனுப்பும், முடியை விட்டுவிடும். அரிசி மென்றது, மூச்சு வாங்கியது எல்லாம் அதோடு சேர்ந்ததுதான் என்றார் டாக்டர்.

நான் தண்ணீரைப் பற்றி மறுபடி கேட்டேன். எனக்கு அது தெரிந்தாக வேண்டியிருந்தது. உப்புத் தண்ணீர் முடியைச் சொரசொரப்பாக்கும், நுனி உடையலாம், வேரோடு இப்படிக் கொத்தாக விழ வைக்காது என்றார். மொட்டை போட்டால் அடர்த்தியாக முளைக்கும் என்பதும் சும்மா, வேர் தோலுக்கு அடியில் இருக்கிறது, கத்தி மேலேதான் போகிறது. தினம் கொஞ்சம் கொட்டுவது எல்லாருக்கும் உள்ளதுதானாம். பெரிய காய்ச்சல், பிரசவம், ஆபரேஷன், மனசை உலுக்குகிற துக்கம், இவற்றுக்கு இரண்டு மூன்று மாசம் கழித்துக் கொத்தாகக் கொட்டும், பெரும்பாலும் தானாகத் திரும்பி வரும். சிலருக்கு அப்பா அம்மா வழியில் வருவது, சிலருக்குத் தைராய்டு, சிலருக்கு இழுத்து இழுத்துப் பின்னுவது. காசு அளவுக்கு வட்டமாகக் கொட்டினாலோ, தலைத்தோல் சிவந்து எரிந்தாலோ, திடீரென்று கொத்துக் கொத்தாக வந்தாலோ காட்டிவிட வேண்டும். முடியோடு சேர்ந்து உடம்பு சோர்ந்தாலோ, எடை மாறினாலோ, மாதவிலக்கு மாறினாலோ ஒரு வாரம் கூடத் தள்ளக் கூடாது. எண்ணெயை மாற்றிப் பார்ப்பதை விட்டுவிட்டு ஒரு ரத்தப் பரிசோதனை எடுத்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும் என்றார். நான் தலையாட்டிக்கொண்டே நின்றேன், என் வாடிக்கையாளர்கள் என்னிடம் ஆட்டுகிற மாதிரி.

தை மாதம் கட்டியை எடுத்தார்கள். மாத்திரை இன்னும் ஓடுகிறது. இப்போது விரல் நீளத்துக்கு முடி வந்திருக்கிறது, மாடிப்படி நிற்காமல் ஏறுகிறாள், வேலைக்குப் போகிறாள். நானும் போகிறேன். முடி கொட்டும் என்று இப்போதெல்லாம் யாரிடமும் சொல்வதில்லை. வியாபாரம் குறைந்துதான் போனது. குறையட்டும், அதைச் சொல்கிற தெம்பு எனக்கு இல்லை.

ஆனால் அந்த முதல் நாள் மத்தியானம் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை. வார்டில் சாப்பாட்டு நேரம், பக்கத்துக் கட்டில்காரர்கள் வெளியே போயிருந்தார்கள். அவள் கையில் ரத்தம் ஏறிக்கொண்டிருந்தது. எனக்குப் பயம் வந்தால் அது கோபமாகத்தான் வெளியே வரும். ஒன்றரை வருஷம் இப்படி இருந்திருக்கு, கட்டின புருஷன்கிட்ட ஒரு வார்த்தை சொல்ல மாட்டியா, நான் என்ன ஊரான் வீட்டுப் பிள்ளையா என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன்.

அவள் ரத்தம் ஏறுகிற கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சண்டை போடுகிற குரலே இல்லாமல் சொன்னாள்.

“அதை எப்படிங்க உங்ககிட்ட சொல்றது? கூச்சமா இருந்துச்சு. முடி கொட்டுதுன்னா வாய்விட்டுச் சொல்லலாம், அதான் அதை மட்டும் தினம் கொண்டாந்து காட்டுனேன். அதுக்காவது ஒரு நாள் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவீங்கன்னு நெனச்சேன்.”